சப்வூஃபர் பெட்டியின் கிளியர் பூச்சில் வரும் குறைகள்: கண்டறிந்து சரிசெய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தச்சு வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. பழைய வீடுகளின் தேக்கு நிலைகளையும் கதவுகளையும் புதுப்பித்துப் பழகிய பட்டறைகள் இருப்பதால், காரில் தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரைப் பொருத்தும் சப்வூஃபர் பெட்டியை அளவெடுத்து அறுத்து ஒட்டித் தருவதில் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் கடைசி அடுக்கில், அதாவது நிறத்தின்மேல் அடிக்கும் கிளியர் பூச்சில் வருகிறது. முதல் நாள் கண்ணாடிபோல் இருந்த பெட்டி மறுவாரம் மங்கிப்போகிறது, அல்லது ஊசிமுனைத் துளைகள் தெரிகின்றன, அல்லது மூட்டுக் கோடு மேலெழும்பி வருகிறது. இத்தொழிலில் புதிதாக இறங்கியவர்கள் இந்த நிலையில் செய்யும் முதல் வேலை, அதன்மேல் இன்னொரு கோட் கிளியர் அடிப்பது. அப்படி அடிப்பதால் குறை மறைவதில்லை, முன்பைவிட ஆழமாகப் புதைகிறது. ஆகவே குறை எந்த ஆழத்தில் பிறந்தது என்று முதலில் கண்டறிவதையும், அந்த ஆழம்வரை மட்டும் இறங்கி அதைச் சரிசெய்வதையும் இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

முதல் படி: காத்திருத்தலும் பார்த்தலும்

குறையைக் கண்டவுடன் தேய்க்கத் தொடங்கக்கூடாது. பூச்சை இறுகச்செய்யும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ கே கிளியர், நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஆனால் தேய்ப்பதற்குத் தேவையான இறுக்கம் அதற்குப் பின்தான் வரும். தயாரிப்பாளர் டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் நேரத்தைக் குறைந்தபட்ச அளவாகக் கொண்டு, முடிந்தால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவது நல்லது. பெட்டியின் பின்புறத்தில், காரில் வைத்தபின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தால், தடம் விழுகிறதா இல்லையா என்பது இறுகிய நிலையைச் சொல்லிவிடும். தடம் விழுந்தால் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைத் தொட வேண்டாம். மென்மையான பூச்சு தாளில் உருண்டு ஒட்டிக்கொண்டு, ஆழமான கீறல்களைப் போட்டுவிடும்.

அடுத்து, அடிக்கப்பட்டிருப்பது எந்த வகைக் கிளியர் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மற்றொருவர் அடித்த பெட்டி சரிசெய்ய வந்தால் இது மிகவும் அவசியம். ஒரு வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து, மறைவான இடத்தில் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு இளகித் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தால், அது ஹார்ட்னர் இல்லாத என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) அல்லது ஒன் கே கிளியர். ஒன்றும் ஆகாமல் இருந்தால் நன்கு இறுகிய டூ கே. மரச்சாமான் பாலிஷுக்கான என்.சி. கிளியர் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பலர் அதையே பெட்டிக்கும் அடித்துவிடுகிறார்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். அந்த வெப்பத்தில் நாள்தோறும் இருக்கப்போகும் பெட்டிக்கு என்.சி. பூச்சு ஏற்றதன்று என்பதே என் உறுதியான கருத்து. அது நாளடைவில் சுருங்கி, கீழுள்ள கீறல்களையும் மூட்டுகளையும் காட்டிக்கொடுக்கும்.

பிறகு பெட்டியை நிழலில் வைத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத அலைகளும் துளைகளும் சாய்ந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். ஒரு சிறிய உருப்பெருக்குக் கண்ணாடி கையில் இருந்தால், துளையின் அடியில் நிறப்பூச்சு தெரிகிறதா, பள்ளம் நிரப்பிய பட்டி (புட்டி) தெரிகிறதா, அல்லது கிளியரே தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும். தூசி, ஆரஞ்சுத் தோல்போன்ற மேடுபள்ளம், ஒழுகல் ஆகியவை கிளியரின் மேற்பரப்பில் உள்ளவை. வெண்மை படர்வதும், கரைப்பான் வெடித்த ஊசித்துளைகளும் கிளியரின் உடலுக்குள் உள்ளவை. மீன்கண் குழி, மூட்டுக் கோடு, சுருக்கம், உரிதல் ஆகியவை கிளியருக்குக் கீழிருந்து வருபவை. மேற்பரப்புக் குறைகளைத் தேய்த்தே போக்கலாம். உள்குறைகளுக்குப் பெரும்பாலும் தேய்த்து மறுபடி கிளியர் அடிக்க வேண்டும். கீழிருந்து வரும் குறைகளுக்குக் கிளியரால் மருந்தே இல்லை.

மூச்சைக் காத்துக்கொள்வது

டூ கே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது பறக்கும் நுண்துளிகள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். துணி முகக்கவசம் இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. வெளிக்காற்றைக் குழாய்மூலம் முகமூடிக்குள் அனுப்பும் அமைப்பே சிறந்தது. அதற்கு வழியில்லாதவர்கள் கரிம ஆவிகளையும் நுண்துகள்களையும் ஒருசேரத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய, முகத்தோடு இறுகப் பொருந்தும் முகமூடியையாவது புதிய வடிகட்டியுடன் அணிய வேண்டும். ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் அளவுக்கு வாசனை கிடையாது என்பதால், வாடை வரவில்லை என்பதை வைத்து வடிகட்டி வேலை செய்கிறது என்று நம்பிவிடக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

வீட்டின் உள்முற்றத்தில் வைத்து அடிப்பதை நான் கண்டிப்பாக மறுப்பேன். நாற்புறமும் சுவர் சூழ்ந்த வளவில் ஆவி தங்கிவிடும். சுற்றுக்கட்டு அறைகளில் இருக்கும் முதியவர்களும் குழந்தைகளும் அதைச் சுவாசிக்க நேரும். மாலையில் விளக்கேற்றும் இடத்துக்கு அருகே தின்னர் ஆவி பரவுவது தீவிபத்துக்கும் வழிவகுக்கும். வீட்டுக்கு வெளியே, காற்று வெளியேறும் வழியுள்ள கொட்டகையே இதற்கான இடம்.

மேற்பரப்புக் குறைகள்: தூசி, ஆரஞ்சுத் தோல், ஒழுகல்

இந்தச் சீமையின் செம்மண் தூசி மிக நுண்மையானது. ஆடிக் காற்று வீசும் நாட்களில் மூடிய கொட்டகைக்குள்ளும் அது நுழைந்துவிடும்; கறுப்புப் பெட்டியில் பழுப்புப் புள்ளியாகவும், வெள்ளிநிறப் பெட்டியில் சிவப்புப் புள்ளியாகவும் கிளியருக்குள் உறைந்து நிற்கும். கிளியரின் மேற்பகுதியில் நிற்கும் தூசியை 1500 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு சிறிய கடினமான கட்டையில் சுற்றி, சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்து, அந்தப் புள்ளியில் மட்டும் மெல்லத் தேய்த்து மட்டமாக்கலாம். பிறகு 2000, 3000 எனத் தாளை மென்மையாக்கிச் சென்று, ரப்பிங் காம்பவுண்ட் போட வேண்டும். தூசி நிறப்பூச்சின்மேலேயே விழுந்து கிளியரால் மூடப்பட்டிருந்தால், அதைத் தோண்டி எடுக்க முயல்வது நிறத்தைக் குத்திவிடும். கண்ணை உறுத்தாத சிறு புள்ளியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஆரஞ்சுத் தோல்போன்ற பரப்பு, ஸ்பிரே கன்னிலிருந்து வெளிவந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவுவதற்கு முன்பே இறுகிவிட்டதால் உண்டாகிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பது, கன்னைத் தொலைவில் பிடிப்பது, கலவை கெட்டியாக இருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேகமாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்துவது நம் ஊருக்கே உரிய காரணம். இதைச் சரிசெய்ய முழுப் பரப்பையும் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். மேடு பெரிதாக இருந்தால் 1200 நம்பரில் தொடங்கலாம். இல்லாவிட்டால் 1500 போதும். தேய்த்தபின் துடைத்துப் பார்த்தால், மேடுகள் மங்கலாகவும் பள்ளங்கள் பளபளப்பாகவும் தெரியும். பளபளப்புப் புள்ளிகள் அனைத்தும் மறைந்து பரப்பு முழுவதும் ஒரே மங்கலாக வந்தால் மட்டமாகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு தேய்க்கலாம் என்பது கிளியரின் தடிமனைப் பொறுத்தது. முறையாக அடித்த இரண்டு கோட் டூ கே கிளியர் காய்ந்தபின் ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான் என்பதை நினைவில் கொண்டால், கை எவ்வளவு கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். தேய்க்கும்போது வழியும் தண்ணீரின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கிளியர் தேயும்போது தண்ணீர் பால்போல் வெளுத்திருக்கும். அதில் பெட்டியின் நிறம் கலந்து வந்தால் கிளியர் முடிந்து நிறப்பூச்சைத் தொட்டுவிட்டீர்கள். அதன்பின் அந்தப் பக்கம் முழுவதற்கும் நிறமும் கிளியரும் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. பெட்டியின் விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெல்லியதாக இருப்பதால் அங்குதான் முதலில் வெட்டும். எனவே விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுச் சமதளத்தைத் தேய்த்து முடித்து, கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு விளிம்பை 2000 நம்பர் தாளால், கட்டையில்லாமல், விரல்நுனியால் இரண்டு மூன்று முறை மட்டும் தடவ வேண்டும்.

ஒழுகல் பெரும்பாலும் பெட்டியின் செங்குத்தான பக்கங்களிலும், ஸ்பீக்கர் உட்காரும் வட்டத்தின் கீழ்விளிம்பிலும், பெட்டியின் காற்று வெளிவரும் போர்ட் வாயிலும் வரும். ஒழுகிய இடத்தில் பூச்சு தடித்திருப்பதால் அது மற்ற இடங்களைவிட மெதுவாக இறுகும். ஆகவே மற்ற குறைகளைவிட இதற்குக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இறுகியபின், ஒழுகலின் இருபுறமும் டேப் ஒட்டி, புதிய பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, மேட்டை மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்டுங்கள். வெட்டும் கோணத்தில் சாய்த்தால் பிளேடு உள்ளே இறங்கிவிடும். மேடு டேப்பின் உயரத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, 1000 நம்பர் தாளைக் கடினமான சிறு கட்டையில் சுற்றி ஒழுகலின்மேல் மட்டும் தேய்த்து, பிறகு 1500, 2000, 3000 என்று போக வேண்டும். மென்மையான ஸ்பாஞ்சில் தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடு அப்படியே நின்று, அதைச் சுற்றியுள்ள நல்ல பரப்புதான் தேயும்.

துளைகள்: ஒன்றுபோல் தெரிந்தாலும் மூன்று வகை

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரித் துளைகளாகத் தெரிந்தாலும், காரணமும் மருந்தும் வேறு வேறு.

முதல் வகை, கரைப்பான் வெடிப்பு. கிளியரைத் தடிப்பாக அடித்தாலோ, முதல் கோட்டில் உள்ள தின்னர் வெளியேறுவதற்குள் இரண்டாம் கோட்டை ஏற்றினாலோ, அடித்த பெட்டியைச் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தாலோ, மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே சிக்கிய தின்னர் ஆவியாகி அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்போது ஊசிமுனைத் துளைகள் விழும். பெட்டியின் மேற்பலகை போன்ற கிடைமட்டமான, தடிப்பாகப் பூச்சு நின்ற இடங்களில் இவை கூட்டமாக இருக்கும். துளைகள் மறையும்வரை 800 நம்பரில் தேய்த்து இறக்கிவிட்டுப் புதிதாகக் கிளியர் அடிக்க வேண்டும். துளைகளை விட்டுவிட்டு மேலே அடித்தால், புதிய கிளியர் அவற்றை நிரப்பாமல் பாலம்போட்டு நின்று, மறுபடி வெடிக்கும்.

இரண்டாம் வகை, கீழிருந்து வரும் காற்று. பட்டியில் இருந்த நுண்துளைகளும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் அறுத்த ஓரமும், ஃபைபர் வேலையில் ரெசின் முழுதாக ஊறாத இடங்களும் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். துளைகள் பலகையின் ஓரத்திலோ பட்டி பார்த்த இடத்திலோ மட்டும் வரிசையாகவும் திட்டாகவும் இருந்தால் இதுதான் காரணம். அந்த இடத்தை நிறத்துக்குக் கீழுள்ள அடிப்பூச்சான பிரைமர்வரை இறக்கி, நுண்பட்டியைப் பிளேடால் அழுத்தித் தேய்த்து நிரப்பி, பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் வகை, மீன்கண் குழி. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கிளியர் விலகி நின்ற வட்டம் என்று இதன் வடிவம் தனியாகத் தெரியும். எண்ணெய்ப்பசையும் சிலிகானும் இதற்குக் காரணம். சப்வூஃபர் பெட்டிக்கே உரிய ஆபத்து ஒன்று இங்கே இருக்கிறது. காற்றுக் கசியாமல் இருப்பதற்காகப் பெட்டியின் உள்மூட்டுகளில் சிலிகான் சீலன்ட் இழுத்துவிட்டு, அதன்பின் பெயின்டிங்குக்கு அனுப்புவது பரவலான பழக்கம். சீலன்ட் பட்ட கை பெட்டியின் வெளிப்புறத்தைத் தொடும். துடைத்த துணி அதை எங்கும் பரப்பும். பிறகு தேய்க்கும் தாள் அதைப் பலகைக்குள்ளேயே அழுத்திவிடும். உள்மூட்டுகளை மரப்பசையாலோ பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்டாலோ அடைப்பதே நல்லது. சிலிகான்தான் வேண்டும் என்றால் பெயின்டிங், மெருகேற்றும் பஃபிங் எல்லாம் முடிந்தபின் ஸ்பீக்கர் துளைவழியாகக் கைவிட்டு இழுத்துவிடலாம். அப்போதும் புளிச்ச வாடை வரும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் ஸ்பீக்கரின் செப்புப் பாகங்களுக்கு ஆகாது. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கும் பளபளப்பு ஸ்பிரேயைப் பெயின்ட் கொட்டகைக்குள் அனுமதிக்கவே கூடாது. தலையில் தடவிய தேங்காயெண்ணெய் கைவழியாகப் பெட்டிக்கு வருவதும் உண்டு.

ஈரமாக இருக்கும்போதே ஓரிரு மீன்கண் குழிகள் தெரிந்தால், மேலும் மேலும் ஊற்றாமல் நிறுத்திவிடுங்கள். இறுகியபின் குழியின் அடிவரை தேய்த்து, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஒரு துணியால் திரவத்தைத் தடவி, அது ஆவியாகும் முன்பே மற்றொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால்தான் எண்ணெய் வெளியேறும். ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால், எண்ணெய் இடம்மாறி மறுபடி அங்கேயே படியும். அதன்பின் முதல் கோட்டை மெல்லிய தூவலாக அடித்து, அது சற்றுப் பிடித்துக்கொண்டபின் முழுக் கோட்டை ஏற்ற வேண்டும்.

வெண்மையும் மங்கலும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்.சி., ஒன் கே கிளியர்களில் பால்போன்ற வெண்மை படரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. பலகையின் வெப்பநிலை, ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொதுவிதி. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமும் இருக்கும் நாளில் ஈரம் படியும் வெப்பநிலை ஏறத்தாழ 27 டிகிரி. அதாவது தின்னர் ஆவியாவதால் ஏற்படும் சிறு குளிர்ச்சியே எல்லையைத் தாண்டப் போதும். அத்தகைய நாளில் வேலையைத் தள்ளிவைப்பதே முறை. ஏற்கெனவே வெளுத்துவிட்ட என்.சி. பூச்சின்மேல், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மெல்லிய தூவலாக அடித்தால், பூச்சு மீண்டும் இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். டூ கே கிளியர் இறுகியபின் அப்படித் தெளியாது. மேலோட்டமான மங்கல் என்றால் காம்பவுண்டிலேயே போகும், உள்ளே பரவியிருந்தால் தேய்த்து இறக்கி மறுகோட் அடிக்க வேண்டும்.

கம்ப்ரஸரின் தொட்டியில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் திறந்துவிடுவதும், கன்னுக்கு முன்னால் ஈரம் பிரிக்கும் வடிகட்டி பொருத்துவதும் எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும்.

பஃபிங் செய்தபின் சில நாளில் பளபளப்பு தானே இறங்கிப்போனால், கீழுள்ள நிறப்பூச்சிலோ பிரைமரிலோ தின்னர் மிச்சமிருந்து, அது வெளியேறும்போது கிளியர் சுருங்கியிருக்கிறது. ஒரு வாரம் காத்திருந்து மறுபடி 3000 நம்பர், காம்பவுண்ட் என்று செய்தால் போதும்.

மூட்டுக் கோடுகள்

கறுப்புப் பளபளப்புப் பெட்டியில் எல்லோரையும் சோர்வடையச் செய்யும் குறை இது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று சில வாரங்களில் மேலெழும்பும். எம்.டி.எஃப். பலகையின் முகப்பும் அறுத்த ஓரமும் ஈரத்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஓரம் அதிகமாக உறிஞ்சி உப்பும். வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீர் மூட்டில் தங்கி மெதுவாக வெளியேறும்போது மூட்டு சுருங்கும். அதோடு, காரின் வெப்பம் பசையைச் சற்றே இளக்கும். இவை மூன்றும் சேர்ந்து, எத்தனை கோட் கிளியர் அடித்தாலும் அந்தக் கோட்டை வெளியே காட்டிவிடுகின்றன.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, கரட்டுச் சாந்தில் தொடங்கி அடுக்குக்கு அடுக்கு மென்மையாகி, கடைசி அடுக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்டது. பெட்டியின் கிளியரும் அதுபோலத் தன் கீழ் அடுக்குகளின் ஒழுங்கையே வெளியே காட்டுகிறது. எனவே மூட்டுக் கோட்டைக் கிளியரில் தேய்த்துப் பயனில்லை. தேய்த்தால் அன்று மறையும், அடுத்த கோடையில் திரும்பி வரும். கோடு ஓடும் இடத்தைப் பலகைவரை இறக்கி, மூட்டின்மேல் ஆழமில்லாத ஒரு பள்ளத்தைச் சீவி, எப்பாக்சியால் நிரப்பி, அது முழுதாக இறுகியபின் மட்டமாகத் தேய்க்க வேண்டும். எப்பாக்சி இறுகும்போது சில வேளைகளில் மேற்பரப்பில் மெழுகுபோன்ற ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தேய்க்கத் தொடங்க வேண்டும். பிறகு அறுத்த ஓரங்கள் அனைத்துக்கும் எப்பாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் நிரப்பும் பிரைமர், நிறம், கிளியர் என்று வரவேண்டும். புதிய பெட்டி செய்பவர்கள் ஒட்டியபின் ஒரு வாரமாவது பெட்டியைக் காயவிட்டு, கூரான விளிம்புகளை 3 மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டி, உட்புறத்துக்கும் ஒரு கோட் சீலர் அடித்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு வராது. வெளியே மட்டும் பூச்சு இருந்து உள்ளே பலகை திறந்திருந்தால், மழைக்கால ஈரம் உட்புறமாகவே ஏறிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

சுருக்கமும் உரிதலும்

சிந்தெட்டிக் எனாமல் அல்லது ஒன் கே பூச்சு சரியாக இறுகாத நிலையில், அதன்மேல் டூ கே கிளியர் அடித்தால், கிளியரின் வலுவான கரைப்பான் கீழடுக்கை ஊறவைத்துச் சுருட்டிவிடும். உரிதல், நிறப்பூச்சு அளவுக்குமேல் காய்ந்தபின் தேய்க்காமல் கிளியர் அடித்ததால் வருகிறது. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும், தாண்டிவிட்டால் நிறப்பூச்சைச் சொரசொரப்பாக்கி, மறுபடி ஒரு மெல்லிய நிறக் கோட் அடித்தபின்பே கிளியர் அடிக்க வேண்டும். இரண்டு குறைகளுக்கும் ஒட்டுவேலை நிற்காது. பழுதான அடுக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

மறுபடி கிளியர் அடிக்கும் முறை

தேய்த்து இறக்கிய பெட்டிக்கு மறுகோட் அடிப்பதாக முடிவானதும், பரப்பு முழுவதையும் 800 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரே மங்கலாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக விடுபட்ட ஒவ்வொரு புள்ளியும் பின்னாளில் உரியும் இடம். போர்ட்டின் உள்வளைவு, ஸ்பீக்கர் வட்டத்தின் படி ஆகிய இடங்களுக்குச் சாம்பல்நிற ஸ்காட்ச் பிரைட் என்னும் தேய்ப்பு நார் வசதியாக இருக்கும். எம்.டி.எஃப். திறந்திருக்கும் திருகுத் துளைகளில் தண்ணீர் இறங்கினால் பலகை உப்பிவிடும் என்பதால், தேய்ப்பதற்கு முன்பே எல்லாத் துளைகளையும் டேப்பால் அடைத்துவிட வேண்டும்.

கழுவி, நன்றாகக் காயவைத்து, கிரீஸ் நீக்கியால் இரு துணி முறையில் துடைத்து, கடைசியாகத் தூசி பிடிக்கும் பிசுபிசுப்புத் துணியால் அழுத்தாமல் வருடுங்கள். காலை எட்டு மணியிலிருந்து பத்தரை மணிவரை எனக்கு மிகவும் பிடித்த நேரம். விடியற்காலை ஈரம் விலகியிருக்கும், வெயிலும் காற்றும் இன்னும் ஏறியிருக்காது. மழைக்காலத்தில் மட்டும் நண்பகல்வரை பொறுக்கலாம். கோடையில் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது நல்ல பழக்கம், ஆனால் அதையே மழைக்காலத்தில் செய்தால் ஈரத்தைக் கூட்டுவதாக முடியும்.

கிளியரையும் ஹார்ட்னரையும் டப்பாவில் குறித்த விகிதத்தில், அளவுக் கோடிட்ட குவளையில் கலக்க வேண்டும். 2:1, 4:1 என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவது பூச்சை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். வெப்பத்துக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், மெதுவாக வேலைசெய்யும் ஹார்ட்னரையும் தின்னரையும் கேட்டு வாங்குவதே சரியான வழி. 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் போதும். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் ஹெச்.வி.எல்.பி. வகைக் கன்னுக்குக் கைப்பிடியில் ஏறத்தாழ 2 பார், அதாவது 29 பி.எஸ்.ஐ., வழக்கமான அளவு. ஆயினும் கன்னில் பொறித்திருக்கும் எண்ணே இறுதியானது. ஒரு பழைய பலகையில் அடித்துப் பார்த்து விசிறியைச் சரிசெய்துகொண்ட பிறகே பெட்டிக்கு வாருங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காமல், அடிப்பலகையில் தற்காலிகமாகத் திருகிய கட்டையின்மேல் இடுப்புயரத்தில் நிறுத்துங்கள். முதலில் விளிம்புகள், உள்வளைவுகள், அதன்பின் பக்கப் பலகைகள், கடைசியில் எல்லோர் கண்ணிலும் படும் முகப்பு என்று வரிசை வைத்துக்கொண்டால், தூவல் படிந்து முகப்பு சொரசொரப்பாவது குறையும். கன்னைப் பரப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில், மணிக்கட்டை வளைக்காமல், முழுக்கையையும் நகர்த்தி ஓட்ட வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும். முதல் கோட் மிதமாக இருக்கட்டும். மெட்டாலிக் நிறமாக இருந்தால் இது இன்னும் அவசியம், முதல் கோட்டே வழியும் அளவுக்கு நனைந்தால் வெள்ளித் துகள்கள் இடம்பெயர்ந்து திட்டுத்திட்டாகிவிடும். பத்து நிமிடமாவது கழித்து, மாஸ்கிங் டேப்பின்மேல் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பார்த்து, இழை இழுக்காமல் ஒட்டுப்பிசுக்கு மட்டும் இருக்கும் நிலையில் இரண்டாம் கோட்டை முழு ஈரமாக ஏற்றுங்கள். பெரிய பளபளப்புத் துகள்கள் கலந்த நிறமென்றால், துகள்களின் மேடு மூடும்வரை கூடுதல் கோட்கள் தேவைப்படும். அவற்றை ஒரே நாளில் அடுக்காமல், இடையில் இறுகவிட்டுத் தேய்த்து, மறுநாள் தொடர்வது வெடிப்பைத் தவிர்க்கும்.

பஃபிங்கும் பொருத்துதலும்

இறுகியபின் 1500, 2000, 3000 என்ற வரிசையில் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் முந்தைய தாளின் கீறலுக்குக் குறுக்காகக் கையை ஓட்டினால், பழைய கீறல் மறைந்ததா என்பது எளிதாகத் தெரியும். பஃபிங் மெஷினைக் குறைந்த வேகத்தில், பேடைச் சற்று நனைத்து ஓட்டுங்கள். ஓர் இடத்தில் நிறுத்தினால் சூடேறிக் கிளியர் இளகும், விளிம்பில் பேட் எதிர்த்துச் சுழன்றால் ஒரே நொடியில் நிறம்வரை வெட்டிவிடும். ஆகையால் பேட் எப்போதும் பலகையின் உட்புறத்திலிருந்து விளிம்பை நோக்கி வெளியேறும் திசையில் சுழல வேண்டும். மூலைகளுக்கும் போர்ட் வாய்க்கும் கையால் தேய்ப்பதே போதும். ஸ்பீக்கர் துளையையும், வயர் இணைக்கும் டெர்மினல் துளையையும் அடைத்தே பஃபிங் செய்ய வேண்டும். உள்ளே சிதறிய காம்பவுண்ட் காய்ந்து தூளாகி, பின்னர் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) இடைவெளிக்குள் நுழைந்தால் கரகரக்கும்.

ஸ்பீக்கரைப் பொருத்துவதற்கு ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். முழுதாக இறுகாத கிளியரில் ரப்பர் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் கழற்றும்போது பூச்சையும் சேர்த்து இழுத்துவரும். திருகுத் துளைகளில் படிந்த கிளியரைத் துளையைவிடச் சற்றுப் பெரிய டிரில் முனையைக் கையால் சுழற்றி நீக்கிவிட்டு, திருகுகளை எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக முடுக்கினால், துளையைச் சுற்றிப் பூச்சு விரிசல் விடாது. பெட்டியைக் காரில் ஏற்றிய முதல் மாதம், பூட்டிய காரை நிழலில் நிறுத்துவதோடு, சிலிகான் கலந்த பாலிஷையும் மெழுகையும் அதன்மேல் பூசாமல், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.